கொழுந்துத் தராசுக்கு ஒரு திரை

கொழும்பு,
14.06.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மடுல்சீமையில் ஓயாத மழையாமே. அட்டை கடிக்காமல் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டுதானே மலைக்குப் போகிறீர்கள்? நான் சுகம்.

எங்கள் சின்னக் கம்பனிக்கு ஒரு டிசைனரை எடுத்தோம். கம்பியூட்டர் திரையில் எது எங்கே தெரிய வேண்டும் என்று வரைகிற வேலை. இப்போது தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசுக்குத் திரை செய்கிறோம் என்பதால், ஆளைத் தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

பசறையிலிருந்து தவேந்திரன் என்று ஒருவர் வந்தார். "மடுல்சீமையாங்க? நம்ம பக்கந்தான்!" என்றார். இந்த அலுவலகத்தில் என்னோடு தமிழ் பேசிய முதல் ஆள் அவர்தான். அழகாகவும் வரைந்திருந்தார். ஆனால் திரை, நிறையைப் பதிகிற கணக்கப்பிள்ளையை மட்டும் பார்த்திருந்தது.

"கொழுந்து எடுக்கிறவங்க நிறையை எப்படிப் பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க எதுக்குங்க பாக்கணும்? கணக்கப்பிள்ளை சொல்லுவாருதானே."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நீங்கள் எக்கி எக்கித் தராசைப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. மாத்தறையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை இரண்டு பக்கமும் திரை வரைந்திருந்தாள். அவளையே எடுத்தேன். நல்ல பிள்ளை, மிளகாய்தான் ஆகாதாம்.

நம் ஊர் பஸ் கண்டக்டர் வருகிற நேரம், அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் பசறை என்று பார்த்த அன்றே, அவருக்கும் சேர்த்து உறைப்பான மாசிச் சம்பல் இரண்டு போத்தல் அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன் அல்லவா? ஒன்று போதும் அம்மா.

உங்கள் மகன்,
சந்திரமோகன்