பூஞ்சை பிடித்த மூன்றாவது வாரம்

7 அக்டோபர் 2024, திங்கள்
ஸ்டெம் செல் போட்டு இரண்டு வாரம். சாரத்தின் நடுவில் இருப்பவையும் உயிரோடுதான் இருக்கின்றன. தட்டில் பரப்பினால் யாருக்கும் வளரும்; செல்கள் பற்றி வளரக் கட்டிய இந்தப் பஞ்சுச் சாரத்துக்குள் மூன்று வாரம் தாங்கினால்தான் முழங்கால் குருத்தெலும்பு என்று வாயைத் திறக்கவே முடியும். இந்த வாரமும் ஊருக்கு, வலங்கைமானுக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம்.

10 அக்டோபர்
டிபார்ட்மென்டில் ஆயுத பூஜை. செல்கள் வளர்கிற இன்குபேட்டருக்கு வெளியே பொட்டு வைத்தார்கள், சரி. என் கைடு ரெத்தினம் சார், "உள்ளயும் ஒன்னு வச்சிருப்பா, அதுதானே நமக்குச் சோறு போடுது" என்று கதவைத் திறந்து பிடிக்க, ஜூனியர் சதீஷ் வெறும் விரலால் சந்தனம் வைத்திருக்கிறான். நான் பொரி வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. கிருமி பற்றிப் பாடம் நடத்துகிற மனிதர்.

15 அக்டோபர்
எல்லாச் சாரத்திலும் பூஞ்சை. மூடியைத் திறந்ததும் குமட்டியது. பிரசவ வார்டில் ஒரு தாய் சம்மதித்துக் கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்கள் — சீ.

16 அக்டோபர்
சார் கூப்பிட்டார். "முத வாரப் படம் இருக்குல்லம்மா? அதையே பேப்பர்ல மூனாவது வாரம்னு போட்டுரு. கெடாம இருந்தா வளர்ந்துதானே இருக்கும்."
டீ குடித்துக்கொண்டே சொல்கிறார். மறுபடி செய்கிறேன் என்றேன். "அதுக்குள்ள பிராஜெக்ட் முடிஞ்சிரும்."
"அப்ப முடியாது சார்."
"தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?"
என்ன பிறவி இது? நேற்றுப் பூஞ்சையைப் பார்த்துக் குமட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

21 அக்டோபர்
அந்தப் படத்தோடு, என் பெயர் இல்லாமல் கட்டுரை இதழுக்குப் போய்விட்டது. முதல் பெயர் சதீஷ். "எனக்கு வேற வழி தெரியலக்கா" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

3 ஜனவரி 2025
கட்டுரை வெளிவந்துவிட்டது. ஸ்வீட் கொடுத்தார்கள். தொடவில்லை. என் தீசிஸ் சார் மேசையிலேயே கிடக்கிறது.

12 ஆகஸ்ட்
வேறு கல்லூரியிலிருந்து ஷிஃபா என்றொரு மாணவி சதீஷுக்குப் போன் செய்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.
"உங்க பேப்பரைப் பார்த்துத்தான் செய்யுறோம்ணா. நடுவுல இருக்குற செல்லு மூனாவது வாரத்துக்குள்ள செத்துப்போவுது. எத்தனையோ தடவை பண்ணிட்டோம், எங்க மேடம் எங்களைத்தான் திட்டுறாங்க. எங்கண்ணா தப்பு பண்றோம்?"
சதீஷ் என்னைப் பார்த்தான். பக்கத்து மேசையில்தான் சார் இருந்தார்.
"அது மூனாவது வாரத்துப் படம் இல்லம்மா. முத வாரத்தது" என்றான். "உங்க மேடம்கிட்ட சொல்லிரு. நான்தான் சொன்னேன்னே சொல்லு."