தோல் துறையில் ஒரே இடம்

4 ஜூன் 79, திங்கள்

வெயில். ஆரப்பாளையம் லாட்ஜில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. மேற்படிப்பு விண்ணப்பம் வெள்ளிக்குள். பாக்கி: ஹவுஸ் சர்ஜன் சான்று, போட்டோ, உடல் தகுதிச் சான்று. முதல் விருப்பம் தோல் நோய். இடம் ஒன்றுதான். அறைத் தோழன் செல்வமும் அதற்கே போடுகிறான்.

பரவையிலிருந்து அப்பா வந்தார். "இம்புட்டு வருசம் படிச்சுப்புட்டு சொறி சிரங்கு பாக்கவாடா போற?" போன மாதம் ஒரு தொழுநோயாளியைப் பாதி வழியில் இறக்கிவிட்ட கண்டக்டரின் சட்டையைப் பிடித்தேன். அது அப்பாவுக்குத் தெரியாது. மாத்திரை இருக்கிற நோய்க்கு இவ்வளவு அருவருப்பு. காட்டுமிராண்டிகள்.

மாலை தண்ணீர் வந்தது. குளிக்கும்போது பார்த்தேன், இடது மேல்கையில் வெளிறிய தேமல்.

5, செவ்வாய்

தொழுநோய் என்றால் அந்த இடம் மரத்துப் போகும். பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். தெரிகிறது. வெறும் தேமல். நிம்மதி.

மதியம் நிம்மதி போயிற்று. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லித்தானே தொடுவோம்? நான் பார்த்துக்கொண்டே தொட்டிருக்கிறேன். மூடினாலும் தொடுவது என் கை. எங்கே, எப்போது என்று அதற்குத் தெரியும். வேறு ஆள் வேண்டும். தோல் துறைக்குப் போனால் தொழுநோயாளி என்று பெயரைப் பதிந்துவிடுவார்கள். நேர்காணல் செய்யப்போவதும் அவர்களே.

6, புதன்

புழுக்கம். நேர்காணலுக்குப் பயிற்சி என்று செல்வத்திடம் பொய். நான் நோயாளி. கண்ணை மூடினேன். விரலில் தொட்டான், காட்டினேன். கழுத்து, காட்டினேன். பிறகு ஒன்றுமில்லை. கீழே டீக்கடை ரேடியோ மட்டும்.

"என்னடா, தூங்கிட்டியா? தொடு."

"தேமல்ல மூணு வாட்டி தொட்டுட்டேன், மாப்ள."

பஞ்சைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம்.

7, வியாழன்

தகுதிச் சான்று ஆயிற்று. கையெழுத்துப் போட்டவர் நிமிரக்கூட இல்லை. "நல்லாத்தான இருக்கீங்க?" அவ்வளவுதான் பரிசோதனை. நாடே இப்படி. ஆனால் இன்று எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கேவலம்.

செல்வம் தன் டம்ளரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். இவனும் டாக்டர்.

"மாப்ள, நீ ஸ்கின் போடாத. கண்ணு, காதுன்னு வேற எதாச்சும் போடு."

"போட்டா?"

"நானாப் போயி சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."

"யார்றா கேக்கப் போறா?"

சிரித்தான்.

8, வெள்ளி

மேகம், மழையில்லை. செல்வம் எனக்கு முன்பே கிளம்பிவிட்டான்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. முதல் விருப்பம் தோல் நோய். மாற்றவில்லை. என்னைவிட அந்த நோயாளிகளை எவன் பார்த்துவிடுவான்?

படி இறங்கும்போது தோல் துறை அட்டெண்டர் ஓடி வந்தார். "சார், புரொபசர் ஐயா ஒங்கள வரச் சொல்றாக."

"எதுக்கு?"

"தெரியல சார். செல்வம் சாரும் உள்ளதான் இருக்காக. நோயாளி பாக்குற ரூம்ல திரைய இழுத்துவிடச் சொன்னாக."

வாரேன் என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அட்டெண்டர் வாசலிலேயே நிற்கிறார். சற்றுமுன் வரை இவ்வளவு தள்ளி நிற்கவில்லை.