லேசரை மூடிய பிறகும்

உம்முடைய தம்பி இன்று காலை லிங்கநகரில் உமது வீட்டிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அக்காவின்ர அலுமாரிக்குள்ள கிடந்தது. எங்களுக்கு இது ஒண்டும் விளங்காது," என்றார். உள்ளே நீர் ஆய்வுக் குறிப்பெழுதும் கொப்பி. திறந்ததும் நாம் தகடு துடைக்கும் ஸ்பிரிட் மணம் அடித்தது. நீர் போய் எட்டு மாதம். வாசிக்க மனமில்லாமல் மத்தியானம் வரை மூடியே வைத்திருந்தேன்.

நாம் இரண்டு பேரும் வருடக்கணக்காகப் பார்த்ததெல்லாம் நகத்தளவு செப்புத் தகடுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதன் மேல் விட்டால், கொஞ்சம் பச்சையாகத் திரும்பி வரும். தகட்டின் மேற்பரப்பில் ஏதாவது மாறினால் அந்தப் பச்சை மங்கும். அதை நுண்ணோக்கியில் படம் எடுப்போம். இன்னொரு லேசரை அடித்து, அது அங்கே வேதிமாற்றத்தைத் தூண்டுகிறதா என்று பார்ப்பதே நமது வேலை. நாம் கடைசியாகச் சேர்ந்து வேலை செய்த அன்று, அந்த லேசரை அடித்ததும் பச்சை மங்கியது. நான் துள்ளினேன், நீர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஏசி பழுதெண்டு யன்னலைத் திறந்து வச்சிருக்கிறம். உப்புக் காத்து என்ன செய்யுதெண்டு ஆருக்குத் தெரியும்? தூண்டுற லேசரை மூடிப்போட்டு ஒருக்கா படம் எடுப்பம்."

"ஏலாது. கட்டுரை போகோணும். உமக்கு எதிலயும் சந்தேகம்தான்."

கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் விடிய உமக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டு அலுப்புத் தீருமுன் கட்டுரையை அனுப்பினேன், உமது பெயரை முதலில் போட்டு. அது வெளிவந்ததும் உமது அம்மா முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். நான் போன பிறகு நீர் தனியே இருந்து செய்து பார்த்திருக்கிறீர். "தூண்டுற லேசர் மூடி. அப்பவும் பச்சை அதே மாதிரி மங்குது. காத்துதான். நாளைக்கு அவவுக்குச் சொல்லவேணும். கத்துவா."

ஓம், கத்தியிருப்பேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். அவசரப்பட்டவள் நான், பிழையைக் கண்டுபிடித்தவர் நீர் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். உமது அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பாடு. அந்தச் சட்டத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. கொப்பியைக் கொண்டுபோய், கடைசிப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உமது எழுத்தைப் பார்த்த பிறகு அப்படி விட முடியவில்லை. இன்றைக்கே போகிறேன்.