என் கை சொன்னது வேறு

பிப்ரவரி 9

இன்று லேப்பில் ஒரு பெரியவருக்கு மேல் பல் செட் முடித்தேன். முன்பற்கள் கொஞ்சம் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று அவரே கேட்டாராம். பளிச்சென்று வைத்தால் பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்களாம். ஆளைப் பார்த்ததில்லை, ஆனால் பிடித்துவிட்டது.

மத்தியானம் முதலாளி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வெளிநாட்டுக் கம்பெனியின் அந்த வீடியோ செயலியைத் தடை செய்ய மசோதா வருகிறதாம். "உன் கடையை மூடப் போறாங்க" என்று எனக்காக வாயை அகலமாகத் திறந்து சொன்னார். நான் சைகையில் பேசிப் போடும் வீடியோவை எல்லாம் அவர் பார்ப்பார். ஒன்றும் புரியாது. ஆனாலும் லைக் போடுவார்.

கடையா அது? ஆறு வயதில் காய்ச்சலோடு என் காது போனது. காது கேளாதோர் பள்ளித் தோழிகள் மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள். பிறகு என்னோடு கையால் பேச இருந்தது தம்பி ஒருவன்தான். இந்தச் செயலி வந்துதான் ஆட்கள் கிடைத்தார்கள். மீன் வெட்டும் ஒருத்தி, லாரி கழுவும் ஒருவர், இரட்டைக் குழந்தைகளோடு அல்லாடும் ஒருத்தி. மாத்திரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் விளக்குவேன். மீன்காரி தன் மாமியாரை நடித்துக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

இதில் யாருக்கு என்ன ஆபத்து?

பிப்ரவரி 12

தம்பி வந்தான். மசோதாவைத் தயாரிக்கும் அதே துறையில்தான் அவனுக்கு வேலை. தடை சரி என்கிறான்.

"அக்கா, நீ எங்க போற, யாரோட பேசற, எல்லாத்தையும் அந்தக் கம்பெனி சேத்து வெக்குது. அவங்க நாட்டு அரசாங்கம் கேட்டா குடுத்தே ஆகணும்."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. இருக்கலாம்.

"அப்ப சேத்து வெக்கக் கூடாதுன்னு சட்டம் போடு. எங்க வாயை ஏன்டா அடைக்கற?"

"வேற ஆப் இருக்கேக்கா."

"ஆளுங்க இங்கதானே இருக்காங்க? சந்தையை இடிச்சுட்டு, காய் எங்க வேணாலும் விக்கலாம்னு சொல்ற மாதிரி இருக்கு."

சாப்பிடாமல் கிளம்பினான்.

பிப்ரவரி 20

மசோதா பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். பேச விரும்புகிறேன், சைகை மொழி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டிருந்தேன். இன்று பதில். 'அதற்கு வசதி இல்லை. தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம்.'

மற்றவர்கள் எல்லாம் எழுந்து நின்று பேசுவார்கள். நான் மட்டும் காகிதமா? முடியாது.

நீ வந்து என் சைகையைச் சொல்கிறாயா என்று தம்பியிடம் கேட்டேன். "நான் அந்த ஆபீஸ்ல வேலை பாக்கறவன்கா. உனக்காக எந்திரிச்சு நின்னா என் கதை முடிஞ்சுது" என்றான். கண்டபடி திட்டிவிட்டேன். போடா, உன் வேலையும் நீயும்.

பிப்ரவரி 21

மனம் ஆறவில்லை. அவன் அனுப்பிய செய்தியைத் திறக்கவில்லை.

மார்ச் 2

லேப்புக்கு ஒரு பெண் வந்தாள். செயலிக் கம்பெனியின் ஆள். நல்ல சிரிப்பு, வரிசையான பற்கள். பையிலிருந்து ஒரு டிஷர்ட் எடுத்தாள். 'இந்தச் செயலியே என் குரல்' என்று எழுதியிருந்தது. கூடவே நான் பேச வேண்டியதை அச்சடித்தே கொண்டுவந்திருந்தாள். 'என் இருண்ட வாழ்வில்' என்று தொடங்கியது.

என் வாழ்வில் என்ன இருட்டு? நல்ல வேலை, வாடகை வீடு, மாடியில் வெயில். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே கூட்டி வருவார்களாம். டிஷர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். போனில் எழுதிக் காட்டினேன்: 'ஆள் வரட்டும். வார்த்தை என்னுடையது.' தலையாட்டினாள். என் வீடியோவை எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டேன். 'அதை எங்கள் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும் மேடம்' என்று எழுதினாள்.

தம்பி சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதற்காக நான் போகாமல் இருக்க முடியாது.

மார்ச் 11

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெரிய அறை. மேடையில் குழுவினர், நடுவில் தலைவர். உதட்டை மூடும் மீசை அவருக்கு; ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடைசி வரிசையில் துறை அலுவலர்கள். தம்பி அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

என் முறை வந்தது. கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர், டை கட்டியவர், பக்கத்தில் வந்து நின்றார். நான் ஆரம்பித்தேன்.

'இந்தக் கம்பெனி நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. எங்களிடம் எடுத்ததை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அவர்களை உலுக்கிக் கேளுங்கள். ஆனால் நாங்கள் பேசிக்கொள்ள இருப்பது அந்த ஓர் இடம்தான். அதை மூடுமுன் எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?'

என் கை நின்றுவிட்டது. அவர் வாய் நிற்கவில்லை.

பக்கவாட்டில் பார்த்தேன். 'நன்றி' என்றது அந்த உதடு. 'என் இருண்ட வாழ்வில்' என்றது. அடப்பாவி! கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள்.

மேசையை ஓங்கி அறைந்தேன். எல்லாரும் திரும்பினார்கள். அவரைக் காட்டி, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். தலைவர் அடுத்தவரைக் கூப்பிடக் கையை நீட்டினார். நான் நகரவில்லை. தூக்கிக்கொண்டு போகட்டுமே என்று நின்றேன்.

அப்போது கடைசி வரிசையில் தம்பி எழுந்தான்.

"அவங்க சொன்னது அது இல்ல சார்."

அவ்வளவு தூரத்திலும் புரிந்தது. பால் பல் விழுந்த நாளிலிருந்து நான் படித்துவரும் வாய் அது. தலைவர் ஏதோ கேட்டார். அவன் எனக்கும் தெரியக் கையால் பேசிக்கொண்டே பதில் சொன்னான். "நான் அவங்க தம்பி. இந்தத் துறையிலதான் வேலை பாக்கறேன். மசோதா சரின்னு நெனைக்கிறவன். ஆனா அவங்க சொன்னது அது இல்ல."

முன்னால் வந்து நின்றான். "முதல்லேர்ந்து சொல்லுக்கா."

சொன்னேன். கடைசியில் ஒன்று சேர்த்தேன்: 'வசதி இல்லை என்று எழுதினீர்களே, இவன் உங்கள் ஆபீஸிலேயேதான் இருந்தான்.' ஒரு கணம் தயங்கினான். என்னை முறைத்தான். பிறகு வாய் அசைந்தது. குழுவில் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தலைவரின் மீசை கோணியது. அப்படியே சொல்லிவிட்டான் என்று தெரிந்தது.

வெளியே கம்பெனிப் பெண் என்னைப் பார்க்காமல் கடந்து போனாள். தம்பியை அவன் அதிகாரி ஓரமாகக் கூட்டிப் போனார்.

மார்ச் 14

தம்பியை ஊர்க்கோடியில் இருக்கும் ஆவணக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே தூசியாம்.

"ஏன்டா எந்திரிச்ச?"

"உன் பேரைச் சொல்லி அந்தாளு பொய் சொல்றான். எப்படி உக்காந்திருப்பேன்? ஆனா மசோதா விஷயத்துல நான் மாறலைக்கா."

"மாறச் சொன்னேனா?"

மறுபடியும் சண்டை. டீ ஆறிப்போனது. இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

ஏப்ரல் 3

மசோதா நிறைவேறிவிட்டது. மாதக் கடைசியில் செயலி நிற்கும்.

அழவில்லை. பல் செட்டுக்கு உருக்கும் மெழுகு மட்டும் இன்று இரண்டு முறை கையில் சுட்டுவிட்டது.

ஏப்ரல் 27

கடைசி வீடியோ போட்டேன். 'ஞாயிறு சாயங்காலம், பெரிய பஸ் நிலையம், மாடிக் காத்திருப்புக் கூடம். வர முடிந்தவர்கள் வாருங்கள். முடியாதவர்கள் உங்கள் ஊரில் ஓர் இடம் பிடியுங்கள்.'

ஏப்ரல் 30

திறந்தால் வெறும் சாம்பல் நிறத் திரை. சரிதான் போ.

மே 3

கூடத்துக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டு ஒதுங்கியவர்.

மே 31

இன்று நாற்காலி போதவில்லை. இரட்டைக் குழந்தைக்காரி இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மீன்காரி நேரில் என்னைவிடக் குள்ளம்! அவள் ஊரிலும் கூடுகிறார்களாம், பேருந்து நிறுத்தத்திலேயே. தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து லாரி கழுவுபவரோடு மசோதா சரியா தப்பா என்று கையை வீசி வாதாடிக்கொண்டிருந்தான். தோற்றுக்கொண்டிருந்தான்.

ஒரு போலீஸ்காரர் படியேறி வந்தார். தம்பிதான் எங்களுக்குச் சொன்னான்: "இங்க கூட்டம் போட்டு ஒரே சத்தம்னு புகார் வந்திருக்காம்."

சத்தமா? நாங்களா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மீன்காரிதான் முதலில் ஆரம்பித்தாள், பிறகு எல்லாரும். நாங்கள் சேர்ந்து சிரித்தால் கண்ணாடி ஜன்னல் அதிருமாம். கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்களாம். போலீஸ்காரர் காதைப் பொத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

புகார் உண்மைதான். அடுத்த ஞாயிறும் போகிறோம்.