நகராட்சி மன்றத்தில் மூன்று நிமிடம்

எக்தால்
அக்டோபர் 24

என் கண்ணான மகள் மெலிஹாவுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் வாப்பாவும் இங்கே சுகம், நீயும் அந்தப் பெர்த் ஊர் வெயிலில் கருகாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது, ஆனால் பந்தாட்டம் பார்க்கப் போகும் நாளில் அது தானாகவே குணமாகிவிடுகிறது, அந்த வைத்தியம் எனக்கு விளங்கவில்லை. போனில் இதையெல்லாம் பாதி சொல்லிப் பாதி விட்டுவிட்டேன், நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். காபியை வைத்துக்கொண்டு படி. உன் உம்மா நகராட்சி மன்றத்தில் பேசிவிட்டாள். ஆமாம், நான்தான். பஸ் ஓட்டிய நஃபியாதான்.

விஷயம் இஹ்ஸானிடமிருந்து தொடங்கியது. சூடானிலிருந்து வந்தவள், இரண்டு பெண் குழந்தைகள், கணவனைப் பற்றிப் போர் தொடங்கியதிலிருந்து தகவல் இல்லை. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், பெரியவர்கள் அவள் கையால்தான் சாப்பிடுவோம் என்று அடம் பிடிக்கிறார்களாம். அகதியாக வந்தவர்களுக்கு நம் நகராட்சி இரண்டு வருஷத்துக்குத்தான் வீடு தருகிறது, அதன்பிறகு நீயே தேடிக்கொள் என்கிறது. ஆகஸ்டில் அவளுக்குக் கடிதம் வந்தது, அக்டோபர் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். எங்கே போவாள்? இந்த ஊரில் வாடகை வீட்டுக்கு எட்டு வருஷம் வரிசை. வடக்கே அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் வீடு இருக்கிறதாம், ஆனால் அங்கே வேலை இல்லை. மூத்தவள் அப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். இஹ்ஸான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தவள், தொழுகை முடிந்தும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

நம் பள்ளிவாசல் சங்கத்தின் செயலாளர் இஃப்ராஹ் உனக்குத் தெரியுமல்லவா, நூலகத்தில் வேலை பார்க்கும் அந்தச் சோமாலியப் பெண், பேச்சு கத்தரிக்கோல் மாதிரி. அவள் அழவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "குடிமக்கள் மனு குடுப்போம், யார் குடுத்தாலும் மன்றம் அதை எடுத்தே ஆகணும்"னு சொன்னாள். அதோடு நகராட்சிக்குப் போய், ஊருக்குச் சொந்தமான வீடுகளின் காகிதங்களை எல்லாம் கேட்டு வாங்கிவந்தாள். யார் கேட்டாலும் காட்டவேண்டும் என்று சட்டமாம், நான் முப்பது வருஷமாக இங்கே இருந்தும் ஒரு காகிதம் கேட்டதில்லை! படித்துப் பார்த்தால், லிண்டன் தெருவில் பன்னிரண்டு வீடுகள் குழாய் வேலை பாக்கி என்று மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கின்றன.

நாங்கள் மனுவை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊர் பேஸ்புக் பக்கத்தில் ஒருவர் எழுதினார், பள்ளிவாசல்காரர்கள் நம் முதியவர்களுக்கு வரவேண்டிய வீடுகளைப் பிடுங்கித் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று. முந்நூறு பேருக்குமேல் அதற்குக் கை தட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, பள்ளிவாசல் கண்ணாடியில் சிவப்புச் சாயத்தில், இந்த ஊர் மொழியில், ஊரைவிட்டு ஓடுங்கள் என்று எழுதியிருந்தது. இஃப்ராஹ் முதலில் படம் எடுத்தாள், போலீசில் எழுதிக்கொடுத்தாள், பிறகுதான் துடைக்க விட்டாள். வாப்பா சுரண்டும் தகட்டோடு நின்று உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டே வார்த்தை எழுதியிருக்கான், அதுல ஒண்ணு தப்பு. நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல இதே தப்புக்குத்தான் மூணு தடவை ஃபெயில் ஆனேன்"னு சொல்ல, பயந்துபோய் நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி வாசல் கதவைப் பூட்டினேனா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன், உன்னிடம் மறைப்பானேன்.

பேஸ்புக்கில் எழுதியவர் யாரென்று நினைக்கிறாய்? சிக்ஸ்டன். நாலாம் நம்பர் பஸ்ஸில் மரக்கடை நிறுத்தத்தில் ஏறுவாரே, நீ சின்னவளாக இருக்கும்போது உனக்கு மிட்டாய் தருவாரே, அதே சிக்ஸ்டன். இஃப்ராஹ் அவருக்குப் பதில் எழுதவேண்டும் என்றாள். நான் வேண்டாம், இவருக்கு எழுத்து ஆகாது, நேரில் போகிறேன் என்றேன். மாவுக்குள் கீரையைச் சுருட்டிப் பித்தா ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் முகம் வெளுத்தது. "நஃபியா, நீயா? பஸ் எங்கே?"ன்னு கேட்டார். "ரிட்டயர் ஆயிட்டேன், இன்னைக்கு நடராஜா சர்வீஸ்தான்"னேன். உள்ளே போனதும் அவராகவே, "நான் உன்னைச் சொல்லல, மத்தவங்களைத்தான் சொன்னேன்"னார். "அந்தச் சங்கத்துக்கு நான்தான் துணைத் தலைவர், சிக்ஸ்டன். போஸ்னியாவுல இருந்து ஒரு பையோட வந்து இறங்கினப்போ நானும் மத்தவங்கதான்"னேன். மனிதர் பித்தாவை இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகுதான் வந்தது நிஜம். அவர் அக்கா யூடித்துக்கு எண்பத்து நாலு வயது, மூன்றாம் மாடியில் இருக்கிறாள், லிஃப்ட் இல்லை, ஏழு மாதமாகத் தெருவைப் பார்க்கவில்லை. "எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சுபோச்சு, ஒருத்தனும் பதில் போடல"ன்னு சொல்லும்போது அவர் தாடை ஆடியது. நான் லிண்டன் தெருக் காகிதத்தை மேஜையில் விரித்தேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "மூணு வருஷமாவா பூட்டி வெச்சிருக்கானுங்க?"ன்னு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார், அதை நான் எழுதமாட்டேன்.

அன்றே மனுவை மாற்றினோம். பூட்டிய வீடுகளைச் சரிசெய்து மூத்தவர்களுக்கும் அகதிக் குடும்பங்களுக்கும் திறக்கவேண்டும், பள்ளி வருஷத்தின் நடுவில் குழந்தையோடு யாரையும் வெளியேற்றக்கூடாது. மூன்று சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நின்று கையெழுத்து வாங்கினேன். அறுநூற்று நாற்பத்தொன்று. எனக்குத் தெரியாத முகமா இந்த ஊரில்? எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒருத்தி என் முக்காட்டைப் பார்த்து, "உன் ஊருக்குப் போ"ன்னாள். "நாலாம் நம்பர் வரட்டும் தாயி, அதுலதான் போகணும், எக்தால்ல என் வீட்டு வாசல்தான் கடைசி ஸ்டாப்பு"ன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் நின்றவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை மன்றம் கூடியது. என் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பேச மூன்று நிமிடம். இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் படித்துப் பழகிய காகிதம் கையில் இருந்தது. நான் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றதும் ஓர் உறுப்பினர், பெயர் வேண்டாம், "பள்ளிவாசலுக்கு அரசியல்ல என்ன வேலை?"ன்னு உரக்கக் கேட்டார். தலைவர் மணியை அடித்தார். எனக்குக் காகிதத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை மெலிஹா, எல்லாம் எறும்பாய் ஊர்ந்தது. அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். "நான் இந்த ஊர்ல இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவ. ஏறினவங்கள ஒருத்தரைக்கூட உன் மதம் என்னன்னு நான் கேட்டதில்ல. பின்னாடி நகருங்க, இடம் இருக்குன்னுதான் சொன்னேன். இடம் இருக்கிறது எனக்குக் கண்ணாடியில தெரியும், வாசல்ல நிக்கிறவங்களுக்குத் தெரியாது. லிண்டன் தெருவுல பன்னெண்டு வீடு இடம் இருக்கு. யூடித்துக்கும் இருக்கு, இஹ்ஸானுக்கும் இருக்கு. கதவைத் திறங்க, அவ்வளவுதான்"னேன். ஒரு நிமிடமும் சொச்சமும்தான் ஆயிற்று. எல்லாரும் என்னையே பார்த்தார்கள், நான் ஏதோ இலக்கணப் பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு பார்வையாளர் மாடத்தில் யாரோ கை தட்டினார்கள், திரும்பிப் பார்த்தால் சிக்ஸ்டன், வேட்டைத் தொப்பியோடு.

பத்தொன்பதுக்குப் பதினெட்டு என்று ஒரே ஓட்டில் ஜெயித்தோம். முழுசாக இல்லை. குழந்தைகள் இருக்கும் குடும்பங்கள் ஜூன் வரை இருக்கலாம். ஆறு வீடுகளை இந்தக் குளிர்காலத்திலேயே சரிசெய்வார்கள், மீதி ஆறு ஆய்வுக்குப் போகிறதாம், ஆய்வு என்றால் அலமாரியில் போட்டுப் பூட்டுவது என்று இஃப்ராஹ் சொல்கிறாள், அவள் இப்போதே அடுத்த காகிதத்தைக் கேட்டுவிட்டாள். சிக்ஸ்டன் தான் எழுதியதை எடுத்துவிட்டார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சாயம் பூசியவன் இன்னும் அகப்படவில்லை. இஹ்ஸான் என்னைக் கட்டிப்பிடித்துத் தன் மொழியில் என்னென்னவோ சொன்னாள், ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது உன் ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பள்ளியில் உன்னை என்னவோ சொன்னார்கள் என்று நீ செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினாய், நான் அதைக் கிழித்தேன். வந்த இடத்தில் வாயைத் திறக்காதே, தலை குனிந்து போ என்றேன். நீ அழவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாய். நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன் மகளே, போஸ்னியாவில் வாயைத் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் அது உன் கடிதம். எனக்கு அதைக் கிழிக்க உரிமை இல்லை. என்னை மன்னித்துவிடு. அதில் என்ன எழுதியிருந்தாய் என்று நான் படிக்கக்கூட இல்லை. ஞாபகம் இருந்தால் எனக்கு எழுது, இந்தத் தடவை கடைசி வரி வரை படிப்பேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல மனிதர்களின் அருகாமையையும், நியாயம் பேசும் நாவையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கடலில் தூரமாகப் போய் நீந்தாதே. மறக்காமல் ஒன்று செய்: நீ போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது, வெளிநாட்டில் இருப்பவர்களின் வாக்காளர் பட்டியலில் பெயரைப் புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அந்தப் படிவத்தை இந்த வாரமே அனுப்பு. வாப்பா சலாம் சொல்கிறார், பித்தா தீர்ந்துவிட்டது என்றும் எழுதச் சொல்கிறார்.

இனி வாயை மூடச் சொல்லாத உன் உம்மா,
நஃபியா