பொட்டு வைத்த படம்

1984, ஐப்பசி, செவ்வாய்.

கலர் ஃபிலிமுக்கு மாறிய கையோடு, ஸ்டுடியோவில் ஊர்வாரியாக இருந்த பழைய நெகடிவ்களைக் கலைத்துப் பெயர்வாரியாக அடுக்கினேன். பெரிய புத்திசாலி நான். இந்த ஏரிக்கரையில் ஒரே பெயரில் எத்தனை பேர்!

அக்கரைப் பசியாவரத்துத் தேசிங்கு, செத்துப்போன தன் அண்ணன் ஏழுமலையின் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டிருந்தான். வலை விடும் இடத்துக்காக நடந்த சண்டையில், எதிர் ஊர்க்காரன் துடுப்பால் அடித்து மண்டையைப் பிளந்துவிட்டான். 'ஏழுமலை' உறையிலிருந்து எடுத்துப் பிரிண்ட் போட்டேன். சட்டம் மாட்டி, கண்ணாடியில் குங்குமப் பொட்டும் வைத்துக் கொடுத்தேன்.

பார்த்ததும் என் கழுத்தைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான்.

"யோவ் பாய், இன்னாய்யா இது? எங்கண்ணனக் கொன்ன ஏழுமலைய்யா இவன்!"

அடித்தவன் பெயரும் அதுதான் என்று ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் உறைக்கவில்லை. கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் கண்ணாடியில் சொட்டியது.

"குடுப்பா, மாத்தித் தர்றேன்" என்று கை நீட்டினேன். தேசிங்கு தரவில்லை. பொட்டு அழியாமல் ரத்தத்தை மட்டும் லுங்கியால் துடைத்தான்.

"வெச்ச பொட்டு இருக்கட்டும், பாய்" என்று படத்தோடு படகேறிவிட்டான்.

அந்த ஏழுமலை ஜாமீனில் வந்து வீட்டில்தான் இருக்கிறான். காலையில் போய் அவனை எச்சரிக்க வேண்டும். விடிய இன்னும் நேரம் இருக்கிறது.