கோபுரத்து ராஜகுமாரி நீ இல்லை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் சௌக்கியம், உன் கடிதம் வரும்வரை இன்னும் கொஞ்சம் சௌக்கியமாகவே இருந்தோம். உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன், புத்தி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் டாக்டரிடம் போய்விட்டு வந்ததையே நடையாகக் கணக்கு வைத்துக்கொண்டு சோபாவில் படுத்துவிட்டார். தம்பி வேலை மாறிவிட்டான், புது ஆபீஸில் நாற்காலி சுற்றுகிறதாம், அதைத் தவிர அந்த வேலையைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு நாடகம் போடும் எங்கள் குழுவில் இந்த வருஷமும் எனக்குச் சூனியக்காரி வேஷம்தான். மூக்கு மட்டும் புதுசு. பழையது வியர்வையில் கழன்று ராஜாவின் மடியில் விழுந்ததால் மாற்றிவிட்டார்கள்.

இனி உன் விஷயம். படம் வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதனால் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், தேவதைக் கதைகளை வைத்து மனசுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டுகிறார்கள் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வகுப்பு நடத்தும் அம்மாள் கண்ணை மூடச் சொல்லி, நீ எந்தக் கதையில் யார் என்று கேட்டாளாம், உனக்குக் கோபுரத்தில் அடைபட்ட ராஜகுமாரி தோன்றினாளாம், பக்கத்தில் இருந்தவருக்குத் தூங்கும் ராஜகுமாரியாம், அதற்கும் பக்கத்தில் ஒரு இளவரசனாம். அந்த அறையில் ஒருத்தருக்காவது கழுதை தோன்றியதா என்று அப்பா கேட்கச் சொன்னார். தோன்றாது. கழுதை என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் யார் வருவார்கள்? வளர்ந்த மனுஷர்களை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு கிரீடம் கொடுத்து அனுப்புகிறாள், நீங்களும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள். இப்படியா காதில் பூ சுற்ற விடுவாய், என் வயிற்றில் பிறந்துவிட்டு.

அதைவிட எனக்கு எரிச்சலானது இன்னொன்று. உனக்குள் இருந்து உன்னையே குறை சொல்லும் குரலுக்குச் சூனியக்காரி என்று பெயர் வைத்து, அவளைத் தட்டிக்கொடுத்துச் சமாதானப்படுத்தச் சொன்னாளாம். வருஷக்கணக்காக அந்த வேஷம் போடுகிறவள் சொல்கிறேன், அந்த அம்மாள் ஒரு கதையைக்கூட முழுசாகப் படித்தவள் இல்லை. மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்கச் சூனியக்காரிக்கு நேரம் ஏது. மருந்து காய்ச்சுவது, சாபம் கொடுப்பது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவள்தான், அவள் இல்லாவிட்டால் கதை நகராது. ராஜகுமாரி ஜன்னலில் நின்று தலை வாருவாள். எங்கள் டைரக்டர் ஒரு அரைவேக்காடு, ஆனால் ஒன்று மட்டும் சரியாகச் சொல்வார். ஒருத்தி கேட்டு வாங்குகிற வேஷத்தை வைத்து அவளை எடைபோடக் கூடாது, எந்த வேஷத்தைச் சொன்னதும் முகத்தைச் சுளிக்கிறாளோ அதில்தான் அவள் விஷயம் இருக்கிறது என்பார். கதையால் மனசைத் தெரிந்துகொள்ள முடியாது என்று நான் சொல்லவில்லை. நீ தப்பான வேஷத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்கிறேன்.

மூன்றாவது பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய். நீ வரைந்த குடை பிடித்த கரடிகள் புத்தகமாக வந்துவிட்டன, அட்டையில் பெயர் மட்டும் உன் ஆபீஸ் சீனியர், அந்தத் தாடிக்காரருடையது, தவறுதலாக இருக்கும், பெரியவர், கேட்டால் நன்றாக இருக்காது, பரவாயில்லை. அடுத்த வரியிலேயே ஓடிப்போய்க் கோபுரத்தில் ஏறிவிட்டாய். கை ஓடாமல் போனது எப்போது என்றும் நீயேதான் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அந்தப் புத்தகம் கடைக்கு வந்த வாரத்திலிருந்து. இதைத் தெரிந்துகொள்ளக் கண்ணை மூட வேண்டாம், திறந்தால் போதும். அது பயமும் இல்லை, சோகமும் இல்லை. உனக்குக் கோபம், நல்ல கோபம். தாடி வளர்த்தால் பெரியவரா, அடுத்தவள் கரடியைத் திருடிவிட்டு ராத்திரி தூங்குகிற ஆளுக்கு இவள் மரியாதை கொடுக்கிறாளாம்.

இந்த வருஷ நாடகத்தில் பேச்சு வராத ராஜகுமாரிக்குச் சூனியக்காரிதான் மருந்து காய்ச்சிக் குரல் கொடுக்கிறாள். விருந்தில் ராஜா எழுந்து, குணப்படுத்தியது அரண்மனை வைத்தியர் என்று சொல்லி அவருக்குப் பதக்கம் குத்துகிறான், சூனியக்காரிக்கு அழைப்பே கிடையாது. அங்கேதான் நான் நுழைய வேண்டும். ஒத்திகையில் கத்திக்கொண்டு நுழைந்தேன், எடுபடவில்லை. அப்புறம் வாயைத் திறக்காமல் நடந்து வந்து, வைத்தியர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தக் குரலைக் கொடுத்தது யார் என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மேடையேறிய முதல் நாள் அந்த அமைதி தாங்காமல் முன்வரிசைக் குழந்தை ஒன்று, அவங்கதான் குடுத்தாங்க, நான் பாத்தேன் என்று எழுந்து நின்றுவிட்டது. வைத்தியருக்கு வசனமே மறந்துபோனது.

அடுத்த கரடிப் புத்தகத்துக்குப் புதன்கிழமை கூடிப் பேசப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், தாடிக்காரரே பேசிக்கொள்வார், நான் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். போகிறாய். பென்சிலில் முதலில் போட்ட கரடிகளை எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் பரப்பிவிட்டு உட்கார். இதை வரைந்தது யார் என்று ஒரு தரம் கேள், பதில் வரும்வரை நீயாக ஒன்றும் பேசாதே. முக்கியமாகச் சிரிக்காதே. சங்கடம் வந்தால் சிரிப்பது உன் அப்பா வீட்டு வியாதி, அதனால்தான் இவரைத் தெருவில் எல்லோரும் நல்லவர் என்கிறார்கள், வாசலில் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வகுப்புக்கு வேண்டுமானால் வியாழக்கிழமை போய்க்கொள், இந்த முறை சூனியக்காரி என்று சொல், அந்த அம்மாள் முகம் போன போக்கை எனக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகத் தூங்கு. உன் கை ஓடட்டும், உன் கோபம் புதன்கிழமை வரையாவது ஆறாமல் இருக்கட்டும், அதற்கு அம்மா அப்பா இருவரின் ஆசீர்வாதமும் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போனால் கோபம் அழுகையாகிவிடும்.

இப்படிக்கு,
உனக்குப் பெயர் வைத்த அம்மா